கடைசியில் வருபவள்

தமயந்தி அவருடைய காலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். முதுகைப் பார்த்தால் அந்த மனுஷருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது, உடனே திரும்பிப் பார்க்கிறார், மரத்தைப் பார்த்தாலோ தன் நினைப்பு எங்காவது போய்விடும், ஆள் நின்றாலும் தெரியாது, ஆகவே கால். வெள்ளை ஷூ, புத்தம் புதிது, வலது கால் பதியும்போது மட்டும் ஒரு சின்ன இழுப்பு. கடித்திருக்கும். புது ஷூவைப் போட்டுக்கொண்டு முதல் நாளே இவ்வளவு தூரம் நடக்க யாராவது வருவார்களா, ஓட்டத்தை நடத்துகிற நவநீதன் மைக்கில் அத்தனை தரம் சொன்னானே, பழகின செருப்பே போதுங்க, தண்ணி குடிச்சுட்டு வாங்க, மாத்திரை போடறவங்க போட்டுட்டு வாங்க, நெஞ்சு அடைச்சா தலை சுத்துனா அங்கயே நின்னுருங்க, பக்கத்துல இருக்கறவங்ககிட்டச் சொல்லுங்க, இது பந்தயம் இல்லீங்க என்று. யார் காதில் வாங்கினார்கள். எல்லாரும் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் ஓரமாக நின்று ஷூ கயிற்றைக் கட்டவும் அவிழ்க்கவுமாக இருந்தார், அப்போதே அவள் நினைத்துக்கொண்டாள், இன்றைக்கு என் ஆள் இவர்தான் என்று. சனிக்கிழமைதோறும் இந்தக் குளத்துப் பூங்காவில் காசில்லாமல் நடக்கிற ஓட்டம் இது. ஓடுகிறவர்கள் ஓடலாம், நடக்கிறவர்கள் நடக்கலாம், குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் சரி. இரண்டே விஷயத்தில்தான் கண்டிப்பு, யாரும் கடைசி ஆளாக வந்தோம் என்று வெட்கப்படக் கூடாது, யாரும் பாதையில் விட்டுப்போய்விடவும் கூடாது. அதற்காக ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் எல்லாருக்கும் பின்னால் நடப்பார். வால் என்று அதற்குப் பெயர். வால் கடந்துவிட்டால் அந்தப் பாதையில் அதற்கு மேல் ஆள் இல்லை என்று அர்த்தம். வளைவில் வழிகாட்ட நிற்கிறவர்கள் கொடியைச் சுருட்டலாம், தண்ணீர்க் கேனைத் தூக்கலாம், வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம். பல மாதமாக அந்தச் சட்டை தமயந்தியிடம்தான் இருக்கிறது. அக்காவுக்கு அதுதான் பொருத்தம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள், வீட்டுக்குப் போன பிறகுதான் அதில் என்ன பொருத்தம் என்று யோசித்தாள்.

பின்னால் நடப்பது அவளுக்குப் புதிதா என்ன. பொன்னுசாமி முன்னால் போவார், இவள் பின்னால் போவாள், அவ்வளவுதான் கல்யாணம். மருதமலைப் படியிலும் அப்படித்தான், உக்கடம் பஸ் ஸ்டாண்டிலும் அப்படித்தான், நகைக்கடைக் கூட்டத்திலும் அப்படித்தான். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை மனுஷன், பார்க்காமலே தெரியும் அவருக்கு, வருவாள் என்று. அந்த நடையைத்தான் இப்போது கட்டிலில் போட்டு வைத்திருக்கிறது. வலது பக்கம் பூராவும் விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, தண்ணீர் வேண்டும் என்பதையும் சிறுநீர் வருகிறது என்பதையும் ஒரே சத்தத்தில் சொல்கிறார், இரண்டில் எது என்று இவள்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ராத்திரியில் திடுக்கென்று விழித்து மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு இருக்கும். இருந்தால் ஒரு நிம்மதி வர வேண்டுமே, வரும், வராமல் என்ன, ஆனால் அந்த நிம்மதிக்கு ஒரு நொடி முன்னால் வேறொன்று வருகிறது, அதற்கு என்ன பேர் என்று அவள் யோசிக்கவே மாட்டாள், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொள்வாள். சனிக்கிழமை காலையில் மட்டும் நாத்தனார் கனகம் வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். எட்டு மணிக்குள்ள வந்துருங்க அண்ணி, எனக்குக் கடை தெறக்கோணும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வாள். வாலாக நடக்கிறவர் செல்லைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே முதல் விதி. தமயந்தி செல்லை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். போன வாரமும் அப்படித்தான், அதற்கு முந்தின வாரமும். கையில் இருந்தால் அது அடிக்கும். அண்ணனுக்கு விக்கல் நிக்கமாட்டீங்குது, அண்ணன் கஞ்சியைத் துப்பறாரு, அந்த நீலத் துண்டு எங்க வெச்சிருக்கீங்க. ஒரு காலை நேரம், அது போதும், ஒரு காலை நேரம் யாருடைய துண்டும் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருத்தியாக நடந்துவிட்டுப் போகிறேனே, அதில் யாருக்கு என்ன நஷ்டம். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், நஷ்டம் வராத வரைக்கும் அது நியாயமாகவும் இருந்தது.

கால் நின்றது. அவளும் நின்றாள். அவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு குளத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். குளத்தில் பார்க்க ஒன்றும் இல்லை, ஆகாயத்தாமரையும் ஒரு பிளாஸ்டிக் செருப்பும்தான். “தண்ணி வேணுங்களா?” என்றாள். “வேண்டாமுங்க. சும்மா காத்து வாங்கறேன்.” காற்றும் இல்லை. பெயர் அர்த்தநாரி என்று புறப்படும்போதே சொன்னார், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவராம், சென்னையில் இருக்கிற பெண் இந்த ஓட்டத்தில் பேரைப் பதிந்துவிட்டு ஷூவும் வாங்கி அனுப்பியிருக்கிறது, செல்லையும் சாவியையும் வாசலில் உள்ள கூடையில் போட்டுவிட்டு வந்தாராம், அதையெல்லாம் அவர் சொன்னபோது மூச்சு ஒழுங்காகத்தான் இருந்தது. இப்போது? இப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கொஞ்சம் வேர்வை. எல்லாருக்கும்தான் வேர்க்கிறது. மேலுதட்டில் மட்டும் முத்துமுத்தாக நிற்கிறது, அது எதற்கு அங்கே மட்டும் நிற்க வேண்டும். “ஏனுங்க, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?” என்றார். “சொல்லுங்க.” “நீங்க முன்னால போயிருங்களேன்.” “இல்லீங்க, நான் கடைசியிலதான் வரோணும். அதுதான் என் வேலை.” “அட, அது தெரியுமுங்க. ஆயுசு பூரா பஸ் ஓட்டுனவனுங்க நானு. பொறகால ஒரு வண்டி ஒட்டிக்கிட்டே வந்தா எனக்குக் கை கால் ஓடாது. வழி உட்டுத்தான் பழக்கம். அதுவுமில்லாம,” என்று லேசாகச் சிரித்தார், “இப்புடி மெதுவா ஒருத்தர் முன்னால போக, ஒருத்தர் பொறகாலயே நடந்து வந்தா, என்னமோ பாடை போற மாதிரியே இருக்குதுங்க.” தமயந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வந்திருக்கக் கூடாது. “நான் இல்லாமயே வந்துருவீங்களா?” “வந்துருவேனுங்க. ஷூ கடிக்குது, அவ்வளவுதான். நீங்க போங்க.” போங்க என்றபடி வலது கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் அசைத்தார், டிரைவர்கள் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிக் காட்டுவார்களே, எதிரே வண்டி இல்லை, தைரியமாக முந்திக்கொண்டு போ என்று, அதே அசைவு. அந்தக் கையைப் பார்த்தால் எந்த வண்டியும் போய்விடும். ஒரு ஆண்பிள்ளை, வயசானவர், கூச்சப்படுகிறார், அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடப்பது மரியாதையும் இல்லை. மணி எட்டை நெருங்கியிருக்கும். கனகம் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருப்பாள். மூங்கில் தோப்பு முடிகிற வரைக்கும் முன்னால் போவோம், அங்கே நின்று காத்திருந்து மறுபடியும் பின்னால் சேர்ந்துகொள்வோம், அதில் ஒன்றும் தப்பில்லை. “அப்ப நான் அந்த வளைவுல நிக்கிறேனுங்க,” என்று சொல்லிவிட்டு அவரைக் கடந்து போனாள்.

கடந்த பிறகுதான் தெரிந்தது, முன்னால் யாரும் இல்லை. மூங்கில் இரண்டு பக்கமும் வளைந்து மேலே கூடியிருக்க, பாதை வெறுமனே போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு முதுகு இல்லாத பாதையை அவள் எப்போது பார்த்தாள்? சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்திருக்கலாம், அதற்கப்புறம் அப்பா முதுகு, அண்ணன் முதுகு, பொன்னுசாமி முதுகு, இப்போது சனிக்கிழமைதோறும் ஊர் பேர் தெரியாத முதுகுகள். கால் தானாக வேகம் பிடித்தது. கை வீசிக்கொண்டது. மூங்கில் சருகு செருப்புக்கடியில் நொறுங்கிற்று, ஒரு மைனா பாதையை விட்டு எழும்பிப் போயிற்று, கக்கத்தில் வேர்வை குளிர்ச்சியாக இறங்கியது, அதெல்லாம் சந்தோஷமாக இருந்தது, உள்ளதைச் சொன்னால் ரொம்பவே சந்தோஷமாக இருந்தது. இப்படியே போய்க்கொண்டே இருந்தால் என்ன. வளைவில் நிற்காமல், பந்தலில் நிற்காமல், ஸ்கூட்டரை எடுக்காமல். ஒரு பொம்பளை நடந்து போய்விட்டாள், அவ்வளவுதான், ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தாள் என்று போலீசில் சொல்லட்டுமே. அந்த நினைப்பு வந்த மாத்திரத்தில் பொன்னுசாமியின் ஒரு பக்கத்து வாய் கண்ணுக்குள் வந்து நின்றது. சீ என்று தலையை உதறினாள். அதற்குள் வளைவு வந்துவிட்டது. மோட்டார் ரூம் பக்கத்தில் தெரசா சிஸ்டர் மடக்கு நாற்காலியை மடக்கிவிட்டுத் தயாராக நின்றார், ஆரஞ்சு நிறம் மூங்கிலுக்குள் தெரிந்ததுமே மடக்கியிருப்பார். ஓய்வு பெற்ற நர்ஸ். முதலுதவிப் பையும் பிரஷர் பார்க்கிற மிஷினும் இருப்பது அவரிடம்தான். “என்ன தமயந்தி, இன்னிக்கு இத்தனை வேகமா வர்றே! எல்லாரும் போயாச்சா?” என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவு சுலபம். ஒருத்தர் பின்னாடி வர்றாருங்க சிஸ்டர். வாய் வரைக்கும் வந்தது. வந்ததும் கூடவே இன்னொன்றும் வந்தது: பின்னாடி ஒருத்தர் வர்றார் என்றால் நீ ஏன் முன்னாடி வர்றே? சட்டையைப் போட்டுக்கொண்டு ஆளை விட்டுவிட்டா வந்தாய்? சிஸ்டர் அப்படிக் கேட்கக்கூட மாட்டார், ஒரு பார்வை பார்ப்பார், ஆஸ்பத்திரியில் பொன்னுசாமியின் முதுகில் புண் வந்தபோது அங்கிருந்த நர்ஸ் இவளைப் பார்த்தாளே, புரட்டிப் போடறீங்களா இல்லையா என்று, அந்தப் பார்வை. அவர் இதோ வந்துவிடுவார். இப்போதே மூங்கிலுக்குள் வெள்ளை ஷூ தெரியும். “போயாச்சுங்க சிஸ்டர்,” என்றாள். சிஸ்டர் பையை மொபெட்டில் மாட்டிக்கொண்டு, “சர்ச்சுல கல்யாணம், ஓடறேன்,” என்று கிளம்பிப் போய்விட்டார்.

மொபெட் சத்தம் அடங்கியது. தமயந்தி மோட்டார் ரூம் சுவரோரம் நின்றாள். வருவார். ஷூ கடிக்கிறது, மெதுவாகத்தான் வர முடியும். பாதையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், பார்த்துக்கொண்டே இருந்தால் பால் பொங்காது என்பதுபோல் கொஞ்சம் வேறு பக்கமும் பார்த்தாள். நடுவில் ஒரு சின்ன கேட் இருக்கிறது. ஆமாம், கேட் இருக்கிறதே! மூங்கில் தோப்புக்கு நடுவில், பின்பக்கத் தெருவுக்குப் போகிற கேட். நடக்க முடியாதவர்கள் சில பேர் அந்த வழியாக நழுவிவிடுவார்கள், தெருமுனையில் டீக்கடை, எதிரிலேயே பஸ் நிறுத்தம். அதற்குத்தான் அவளை முன்னால் போகச் சொல்லியிருக்கிறார், பொம்பளை எதிரில் பாதியில் போனால் கேவலம் என்று. போய்விட்டார். டீ குடித்துக்கொண்டிருப்பார். இந்நேரம் சர்க்கரை கம்மியாக என்று சொல்லிக்கொண்டிருப்பார். அப்பாடா என்றிருந்தது. ஆனால் செல்லும் சாவியும் கூடையில் அல்லவா இருக்கிறது. சாவி இல்லாமல் எங்கே போவார்? வீட்டில் வேறு யாராவது இருப்பார்கள், கதவைத் திறப்பார்கள். பெண் சென்னையில். மனைவியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? இருந்தால் சொல்லியிருப்பார், எங்க ஊட்ல திட்டுச்சுங்க என்றாவது சொல்லியிருப்பார். மேலுதட்டில் மட்டும் ஏன் வேர்த்தது? பொன்னுசாமிக்கும் விழுந்த அன்றைக்கு வேர்த்திருந்தது. ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்றுதான் அவரும் சொன்னார். ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் இதை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள், சாகக் கிடக்கும்போதும் ஒண்ணுமில்லை என்று. திரும்பிப் போய்ப் பார். போய்ப் பார்த்து அவர் சும்மா உட்கார்ந்திருந்தால்? மறுபடியும் பின்னால் வந்துட்டீங்களா என்று நினைப்பார். நினைக்கட்டும். கனகம்? கடை திறக்க வேண்டும், அண்ணனைத் தனியாக விட்டுவிட்டுப் போனாலும் போவாள், வாயில் கோழை கட்டினால் துடைக்க ஆள் இருக்காது. இரண்டு பேர். இரண்டு பேரும் இப்போது அவளுக்காக எங்கோ காத்திருக்கிறார்கள், நடுவில் அவள் மோட்டார் ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கால்தான் முதலில் முடிவு செய்தது. வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அவர் கேட் வரைக்கும்கூட வந்திருக்கவில்லை. விட்டுவிட்டு வந்த இடத்துக்கும் கொஞ்சம் இப்பால், மூங்கில் வேலியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். வலது ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தார். சாக்ஸில் ரத்தம். அதைப் பார்த்ததும் ஷூதான், ஷூவேதான் என்று அவளுக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்தது, அந்தச் சந்தோஷத்துக்காகப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கப் போவதில்லை. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார், யாரோ தன்னிடம் கொடுத்து வைத்த பொருளைப் போல. “அர்த்தநாரி அய்யா! என்னுங்க ஆச்சு?” “ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் உக்காந்தேன். நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி.” “மாத்திரை போட்டீங்களா? எதாச்சும் மாத்திரை இருக்குதுங்களா?” “ஊட்ல இருக்குது. வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு...” அதற்கு மேல் வரவில்லை. செல். சட்டைப் பைக்குக் கை போயிற்று, சட்டைப் பை தட்டையாக இருந்தது, ஸ்கூட்டர் சீட்டு கண்ணுக்குள் வந்தது, அதற்குள்ளே இருட்டில் அது இப்போது அடித்துக்கொண்டிருந்தாலும் இருக்கும். “யாராச்சும் இருக்கீங்களா!” என்று கத்தினாள். அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, பொன்னுசாமி வீட்டில் அவள் கத்தியதே இல்லை. யாரும் இல்லை. ஓடிப்போய்க் கேட்டைப் பார்த்தாள், பூட்டியிருந்தது, சனிக்கிழமை திறக்கிற ஆள் வரவில்லை போலிருக்கிறது. கேட்டுக்கு அந்தப் பக்கம் தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. சிஸ்டர் இருந்திருப்பார். அங்கே, அந்த வளைவில், பையோடும் மிஷினோடும் மாத்திரையோடும் நின்றிருப்பார், ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பார், அவரை அங்கிருந்து அனுப்பி வைத்தது யார். நான்தான். என் வாயால்தான். திரும்பி வந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். “நான் போய் ஆளைக் கூட்டியாறேனுங்க. அசையாம இருங்க. இதா வந்துர்றேன்.” எழுந்தபோது சட்டை இழுபட்டது. அவர் அதன் ஓரத்தைப் பிடித்திருந்தார். “போகாதீங்கம்மா,” என்றார். கை காட்டி முந்தச் சொன்ன அதே கை. “தனியா உட்டுப்போட்டுப் போகாதீங்க.” அவர் கண்ணை அவள் பார்த்தாள். அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும், பொன்னுசாமி தினமும் கட்டிலிலிருந்து பார்க்கிற பார்வைதான் அது. இங்கேயே இருந்தால் அவர் தனியாகச் சாக மாட்டார், ஆனால் சாவார். போனால் ஒருவேளை பிழைப்பார், இல்லாவிட்டால் மைனாவைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார். கடைசி ஆளை விடக் கூடாது. அதற்குத்தான் இந்தச் சட்டை. அவள் குனிந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டு விரல் மட்டும் வரவில்லை, இழுத்தாள். அது வந்தபோது அவர் முனகினார். வலியாலா வேறெதனாலா என்று கேட்க அவள் நிற்கவில்லை.

ஓடினாள். தமயந்தி ஓடி யாரும் பார்த்ததில்லை, அவளே பார்த்ததில்லை. புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டாள், செருப்பு ஒன்று கழன்று போயிற்று, இன்னொன்றை அவளே உதறினாள், சரளைக்கல் உள்ளங்காலில் ஏறியது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போய் உட்கார்ந்துவிடுவேன். மோட்டார் ரூம் கடந்தது, நாற்காலி வைத்திருந்த இடத்தில் நான்கு பள்ளம் மட்டும் இருந்தது. அடுத்த வளைவில் கொடி பிடித்து நிற்க வேண்டிய ஆளும் போயிருந்தார், தண்ணீர்க் கேன் இருந்த மேஜையையும் காணோம். தூரத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தைப் பார்த்திருப்பார்கள், கிளம்பியிருப்பார்கள். பாதை முழுக்க அவளுக்கு முன்னாலேயே துடைத்து வைத்தது போல் காலி. நெஞ்சுக்குள் காற்று முள்ளாக இறங்கியது. இப்படித்தான் இருக்குமா அவருக்கும், இதைவிட மோசமாகத்தான் இருக்கும். இருங்க அய்யா, இருங்க, கொஞ்சம் இருங்க என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்லிக்கொண்டாள், சொல்வது அர்த்தநாரியிடமா, பொன்னுசாமியிடமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. குளக்கரையின் கடைசித் திருப்பத்தில் பந்தல் தெரிந்தது, ஆட்கள் தெரிந்தார்கள், யாரோ வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் பார்த்தது நவநீதன். “அட! யாருன்னு பாருங்க! நம்ம தமயந்தி அக்கா ஓடி வர்றாங்க!” என்று மைக்கில் கத்தினான். கடைசியில் வருகிறவருக்குத்தான் அங்கே கைதட்டல் அதிகம், அது அவர்கள் ஏற்படுத்தி வைத்துக்கொண்ட வழக்கம். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று தட்ட ஆரம்பித்தார்கள், வாழைப்பழத்தை வாயில் கவ்விக்கொண்டு ஒருவர் தட்டினார். அவள் கையைத் தூக்கி ஆட்டினாள், நிறுத்துங்கள் என்று. அவர்களும் கையைத் தூக்கி ஆட்டினார்கள். நாலைந்து செல்போன்கள் அவளைப் படம் பிடித்தன. தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள், இல்லை இல்லை என்று, அதற்கும் தட்டினார்கள். “வால் வந்தாச்சுங்க!” நவநீதனின் குரல் குளத்துக்கு அந்தப் பக்கம் வரை போயிற்று. “இன்னிக்கும் எல்லாரும் பத்திரமா வந்து சேர்ந்தாச்சு! எல்லாத்துக்கும் ஒரு பெரிய கைதட்டு!” அவள் நேராகப் போய் அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். வாயைத் திறந்தாள். மூச்சுத்தான் வந்தது, இழுத்து இழுத்து, ஒலிபெருக்கியில் பெரிதாகி, பந்தலையும் தாண்டித் தண்ணீர் மேல் போய், அக்கரை மூங்கிலுக்குள் இறங்கியது. கூட்டம் சிரித்தது, ஆசையாகத்தான் சிரித்தது. நவநீதன் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான். “மெதுவாங்க அக்கா. நல்லா மூச்சு வாங்கிக்கிட்டுப் பேசுங்க. அவசரம் ஒண்ணுமில்லை,” என்றான்.